விரதமும் மாத்திரையும்

2026 பிப்ரவரியில் கேமரன் மலையில் உண்ணா நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதல் தேதி தைப்பூசம். அதற்காக ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சைவமும் ஒரு பொழுதுமாக இருந்து முடித்தவர்கள் தானா ராத்தா டவுனிலும் தோட்டத்து லயங்களிலும் இருந்தார்கள். 15ஆம் தேதி சிவராத்திரி. 18ஆம் தேதி சாம்பல் புதன், கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலத் தொடக்கம். அதே வாரத்தில் ரமலான் பிறை. கைப்பேசிக் காணொளி பார்த்துவிட்டு, பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் தொப்பை கரையும் என்று காலைப் பசியாறலை நிறுத்திவிட்ட இளைஞர்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, உடம்புக்கு நல்லது என்று ஒரு சாராரும் கெடுதல் என்று மறு சாராரும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாலை வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காத நோன்பும், நாள் முழுக்கப் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் விரதமும், மீனையும் கறியையும் மட்டும் விலக்கி மூன்று வேளையும் சாப்பிடும் புரட்டாசிச் சனியும் உடலுக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. பலனையும் ஆபத்தையும் முடிவு செய்வது பசித்திருந்த மணிக்கணக்கு அல்ல. பசி முடிந்ததும் தட்டில் விழுவது என்ன, பசித்திருப்பவர் தினம் விழுங்கும் மாத்திரை என்ன என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. இரண்டாவது கேள்வியை ரமலான் நோன்பாளியிடம் மருத்துவ உலகம் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது. விரதம் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சாப்பாடு நின்றதும் உடம்பு என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிப்பில் இருக்கும். கடைசி வாய்ச் சோற்றிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது பெருமளவு கரைந்துவிடும். அதுவரை ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டிக் காப்பது அந்தச் சேமிப்புதான். அது குறையக் குறையக் கொழுப்பு உடைந்து கீட்டோன்களாகிறது. மூளைகூட ஓரளவுக்கு அதில் ஓடப் பழகிக்கொள்ளும். தசைப் புரதமும் கொஞ்சம் கரையும். வேலையின் கடுமை, முந்தைய இரவுச் சாப்பாடு, உடல்வாகு ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

இங்கே நமக்கு ஊரின் இருப்பிடமும் முக்கியம். கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகையில் இருப்பதால் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ ஒரே நீளம். ரமலான் எந்த மாதத்தில் வந்தாலும் சஹர் முடிவிலிருந்து மஃரிப் பாங்கு வரை பதின்மூன்று மணி நேரமும் சில நிமிடங்களும்தான். வட ஐரோப்பாவில் கோடைக்கால ரமலான் பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டிப் போகும். ஆகவே கல்லீரல் சேமிப்பு தீரத் தொடங்கும் வாசலிலேயே இங்குள்ள நோன்பு முடிந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், பகலிலும் வேர்க்காத குளிரில் இருக்கும் தானா ராத்தாவில், கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ வெயிலில் நிற்கும் ஒருவர் இழக்கும் அளவுக்குத் தண்ணீரும் வெளியேறாது. உடல்நலம் உள்ள ஒருவருக்கு இது சுமக்கக்கூடிய சுமைதான்.

அந்தச் சுமையை இன்று தேயிலைச் சரிவுகளில் யார் சுமக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் காட்டை வெட்டிச் சாய்த்து மலையைப் பச்சையாக்கியவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது பெரும்பாலும் டவுனிலும் காய்கறித் தோட்டங்களிலும் ஹோட்டல்களிலும் ஈப்போவிலும் இருக்கிறார்கள். கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பகுதி வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் முஸ்லிம்கள் ரமலான் மாதம் முழுக்க நோன்போடுதான் சரிவில் நிற்கிறார்கள். தட்டு பொருத்திய கத்தரியால் கொழுந்தை வெட்டிச் சாக்கில் நிரப்பி, நனைந்த சாக்கைத் தோளில் ஏற்றி நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். நிறையைப் பொறுத்துக் கூலி அமையும் வேலையில், பசித்த வயிறு சாயங்காலக் கைச்சுறுசுறுப்பைக் குறைத்தால் அது வருமானத்திலும் இறங்கும். நோன்பாளிகளைக் கடினமான சரிவுகளுக்குக் காலையிலேயே அனுப்பிவிட்டு, மதியத்துக்கு மேல் இலகுவான வேலையில் போடும் மண்டோர் மருந்தே இல்லாமல் ஒரு மருத்துவம் செய்கிறார் என்றுதான் சொல்வேன்.

ரமலான் நோன்பைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு வேறெந்த உண்ணாநோன்பைப் பற்றியும் ஆய்வுகள் இல்லை. ஆரோக்கியமானவர்களிடம் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மாத முடிவில் சராசரியாக ஒரு கிலோவை ஒட்டி எடை குறைகிறது. அடுத்த சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. சிலருக்குக் கூடவும் செய்கிறது. காரணத்தைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம், ரமலான் சந்தைக்குப் போனால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் விரிக்கும் கடைகளில் சீராப் பண்டோங், கரும்புச்சாறு, தேங்காய்ப்பாலில் ஊறிய குவே, எண்ணெயில் பொரித்தெடுத்த கோழி. பகல் முழுக்கச் சேர்த்த சிக்கனத்தை அரை மணி நேரத்தில் செலவழித்துவிட முடியும். அதே சந்தையில் புபூர் லம்போக் கஞ்சியும் இருக்கிறது. இந்திய முஸ்லிம் வீடுகளில் பச்சரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு போட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி இருக்கிறது. காய்ந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும் ஒன்றாகத் தரும் அந்தக் கஞ்சியைவிட நல்ல நோன்பு திறப்பு உணவை எந்தச் சத்துணவு நிபுணரும் வடிவமைத்துவிட முடியாது என்பது என் எண்ணம். நம் ஊரில் அது ஒரு கிண்ணத்தோடு நின்றுவிட்டு, அதன்மேல் இனிப்புத் தண்ணீர் ஒரு குவளை ஏறுவதுதான் வருத்தம்.

தேயிலை விளையும் ஊரில் சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு தொல்லை தலைவலி. ரமலானின் முதல் இரண்டு மூன்று நாட்களில் நோன்பாளிகளை வாட்டும் தலைவலிக்குப் பசியோடு தேநீர் நிற்பதும் ஒரு காரணம். பழகிய காஃபீன் நின்று 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். யூதர்கள் யோம் கிப்பூர் நாளில் 25 மணி நேரம் தண்ணீரும் குடியாமல் இருக்கும்போது வரும் தலைவலிக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் ஒரு தே, பத்து மணிக்கு ஒரு தே, சாப்பிட்ட பின் ஒரு தே என்று பழகியவர்கள் நோன்புக்கோ விரதத்துக்கோ ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு குவளையாகக் குறைத்துக்கொண்டு வந்தால் பாதித் துன்பம் போய்விடும். ரத்தச் சோகை உள்ள பெண்கள் நோன்பு திறந்த சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு. மலேசியாவில் அப்படி இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 சதவீதம், எல்லா இனங்களையும்விட அதிகம். நூறு தமிழர் கூடும் கோயில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகளாக இருக்கலாம் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விரதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் எப்பிடியார் என்ற பெரிய ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு இருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போகும் ஆபத்து மற்ற மாதங்களைவிட முதல் வகையில் 4.7 மடங்கும் இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் கூடியது. ஒரேயடியாக ஏறிப்போனவர்களும் உண்டு. இந்த எண்கள் மருத்துவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. நோன்பு இருக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, இருக்கப்போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு வழிகாட்டி நூல்களை எழுதினார்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இலும் 2021இலும் வெளியிட்ட கையேட்டில், நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நோயாளியைப் பார்த்து, ஆபத்தை மதிப்பெண் போட்டு அளந்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தரச் சொல்கிறார்கள். சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களும் உடன் நின்றார்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் 2020 சர்க்கரை நோய் வழிகாட்டியிலும் ரமலானுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மார்க்கமும் மருத்துவமும் கைகோத்து ஒரு மாதத்தை உயிருக்கு ஆபத்தில்லாமல் கடக்க வைத்த அருமையான வேலை இது.

தமிழர் விரதங்களுக்கு வருவோம். இங்கே ஒரே ஒழுங்கு கிடையாது. வீட்டுக்கு வீடு, வேண்டுதலுக்கு வேண்டுதல் மாறும். மருத்துவக் கண்ணால் பார்த்தால் நான்கு விதமாகப் பிரிந்துவிடுகின்றன.

முதலாவது, எதை விலக்குகிறோம் என்பதை மட்டும் பார்க்கும் விரதம். புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை, கார்த்திகை மண்டலத்து ஐயப்பன் மாலை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. மீன், கறி, முட்டை, மது, புகை நிற்கும், சோறு நிற்காது. இதற்கு மிக நெருக்கமான ஆய்வு கிரீட் தீவில் நடந்தது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை விலக்குகிறார்கள். 120 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான அந்த ஆய்வில், விரத காலத்து முடிவில் ரத்தக் கொழுப்பு இறங்கியிருந்தது. விரதம் முடிந்ததும் மீண்டும் ஏறியது. நம் விரதத்தில் பாலும் நெய்யும் தயிரும் விலக்கில்லை, வடையும் பாயசமும் உண்டு. ஆகவே அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனால் குடியும் புகையும் 48 நாள் நிற்பது சின்ன விஷயமா? மாலை போட்ட அன்று சிகரெட்டை நிறுத்தி, மாலை கழற்றிய பின்பும் தொடாமல் இருந்துவிட்டவருக்கு அந்த விரதம் கொடுத்த ஆயுளை எந்தப் பட்டினியும் கொடுத்திருக்காது. விரதத்தின் மிகப் பெரிய மருத்துவப் பலன் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதைப் பற்றி ஏனோ நாம் பேசுவதே இல்லை.

இரண்டாவது, ஒரு பொழுது. நாள் முழுக்க வயிற்றைக் காயப்போட்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது. இதைத் துல்லியமாகச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு அமெரிக்க வேளாண்துறையின் மேரிலாந்து ஆய்வகத்தில் நடந்து 2007இல் வெளியானது. சாதாரண எடையுள்ள நடுத்தர வயதினருக்கு ஒரு நாளைக்குத் தேவையான உணவு முழுவதையும் எட்டு வாரம் மூன்று வேளையாகவும், எட்டு வாரம் சாயங்கால ஒரே வேளையாகவும் கொடுத்தார்கள். ஒரே வேளையில் உடல் கொழுப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் ஏறின, காலைச் சர்க்கரையும் கூடியது, பசி பழகவே இல்லை. பங்கெடுத்து முடித்தவர்கள் பதினைந்து பேர்தான் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும். வாழை இலையில் குவித்த வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், வடை, சேமியாப் பாயசம். மறுசோறு கேட்காமல் எழுந்தால் பரிமாறுபவர் மனம் நோகிறார். ஒரு நாள் முழுவதற்குமான மாவுச்சத்து இருபது நிமிடத்தில் உள்ளே போகிறது. சர்க்கரை நோயாளியின் கணையத்துக்கு இது மூன்று வேளை அளவோடு சாப்பிடுவதைவிடக் கடினமான நாள். அதே இலையில் சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் கீரையையும் அவித்த கடலையையும் இரட்டிப்பாக்கினால் விரதத்துக்கு ஒரு குறையும் வராது.

மூன்றாவது, பாலும் பழமும் இளநீரும். கந்த சஷ்டியின் ஆறு நாளும் இப்படி இருப்பவர்கள் பலர். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு இதுதான் மிக ஆபத்தான விரதம். ஒரு கோப்பை இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு வாழைப்பழத்தில் 400 அளவுக்கு. நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகம் தேக்கிவைக்கும். தேங்கிய பொட்டாசியம் இதயத்துடிப்பைத் தடுமாற வைத்து, வலியே இல்லாமல் நிறுத்திவிடவும் கூடும். நீண்டகாலச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் தின்னும் என்பதால், சஷ்டிக்கு இளநீரைத் தேடிப் போகும் பெரியவர்கள் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நான்காவது, தண்ணீர் மட்டும். மிளகு விரதம் என்று முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போவதும் உடலுக்குத் தண்ணீர் விரதம்தான். வைகுண்ட ஏகாதசிபோல ஒரே நாளோடு முடிந்தால் ஆரோக்கியமானவர் தாங்குவார். நாட்கள் கூடும்போது தசை கரைவதும், யூரிக் அமிலம் ஏறி வாத வீக்கம் கிளம்புவதும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதும் உண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு, அதிலும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையோடு இருப்பவர் கோயில் படியிலேயே விழக்கூடும். பத்துமலையில் 272 படி ஏற வேண்டிய நாளில் இது சின்ன விஷயம் இல்லை.

எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு வரலாறு கொடூரமாகவே பதில் சொல்லியிருக்கிறது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார் அக்டோபர் 13 அன்று, இரண்டரை மாதம் கழித்து உயிர் துறந்தார். நல்லூரில் 1987 செப்டம்பர் 15 அன்று தண்ணீரும் அருந்தாமல் அமர்ந்த திலீபன் பன்னிரண்டாம் நாளில் உயிர் நீத்தார். நீர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தூரம் அவ்வளவு. ஸ்காட்லாந்தில் அங்கஸ் பார்பியேரி என்பவர் 1965–66இல் 382 நாள் திட உணவே இல்லாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். மருத்துவர்கள் கண்காணிப்பில், வைட்டமினும் உப்புச் சத்துகளும் எடுத்துக்கொண்டு, கரைக்க நூறு கிலோவுக்கு மேல் கொழுப்பு கையிருப்பில் இருந்ததால் நடந்தது அது. ஒல்லியான ஒருவர் அதைப் பார்த்துப் பின்பற்றினால் சாவுதான்.

நீண்ட பட்டினியைவிட அதை முறிக்கும் நேரம் ஆபத்தானது என்பதையும் மருத்துவம் இரண்டாம் உலகப் போரின் முடிவில் கற்றது. பட்டினியில் வாடிய போர்க்கைதிகளுக்கு வயிறாரச் சோறு கொடுத்தபோது சிலர் இறந்துபோனார்கள். திடீரென்று ஏறும் மாவுச்சத்து இன்சுலினைச் சுரக்கவைத்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் ஒரேயடியாகச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. இதயம் தடுமாறுகிறது. ஏகாதசி முடிந்து துவாதசிக் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அளவாகத் தொடங்கும் பாரணையில் இந்த நிதானம் இருக்கிறது. ஒரு நாள் விரதத்துக்கு அது அவசியமில்லாமல் இருக்கலாம். ஆறு நாள் தண்ணீரில் இருந்தவருக்கு அவசியம். கஞ்சி, மோர், கொஞ்சம் கீரை என்று ஒரு நாள் முழுக்க மெல்ல ஏற வேண்டும். சூரசம்ஹாரம் முடிந்த கையோடு திருக்கல்யாண விருந்தில் உட்காரக் கூடாது.

இளைஞர்களின் கைப்பேசி விரதத்தைப் பற்றி நீட்டிப் பேச அதிகம் இல்லை. மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடும் முறையை 116 பேரிடம் 12 வாரம் சோதித்த 2020 அமெரிக்க ஆய்வில், மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு கிடைக்கவில்லை. குறைந்த எடையில் தசையின் பங்கும் அதிகமாக இருந்தது. குவாங்சௌவில் 139 பேர் ஓராண்டு முழுக்கக் கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரத்தையும் கட்டினார்கள். இரு சாராருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. 99 ஆய்வுகளையும் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களையும் தொகுத்து 2025இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அலசலும், விட்டு விட்டுப் பட்டினி இருப்பதும் தினம் அளவாகச் சாப்பிடுவதும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தருகின்றன என்கிறது. சாப்பாட்டை முன்பகலுக்கு நகர்த்துவதில் கொஞ்சம் கூடுதல் நன்மை தெரிகிறது. எட்டே பேரிடம் செய்த 2018 ஆய்வு ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்குள் கடைசி உணவை முடித்தபோது எடை குறையாமலேயே ரத்த அழுத்தமும் இன்சுலின் வேலையும் சீரடைந்தன. காலையைத் தவிர்த்து இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேயும் சாப்பிடும் நம் பிள்ளைகள் செய்வது இதற்கு நேர் எதிர்.

இரண்டு வாட்ஸ்அப் செய்திகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். விரதத்துக்கு நோபல் பரிசு கிடைத்ததாகச் சுற்றிவரும் செய்தி உண்மையல்ல. 2016இல் யோஷினோரி ஒசுமி பெற்ற பரிசு, செல் தன் கழிவைத் தானே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்ற செயலின் இயக்கத்தை ஈஸ்டில் கண்டுபிடித்ததற்காக. மனிதர் எத்தனை மணி நேரம் பசித்தால் எந்த உறுப்பில் எவ்வளவு நடக்கும் என்று அதிலிருந்து கணக்குச் சொல்ல முடியாது. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர்களுக்கு இதயநோய்ச் சாவு 91 சதவீதம் கூடுதல் என்று 2024இல் சிகாகோ மாநாட்டிலிருந்து வந்த செய்தியும் அப்படியே நம்பத்தக்கதல்ல. மக்கள் இரண்டு நாள் சாப்பாட்டை நினைவுகூர்ந்து சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு அது. நோயாலோ வறுமையாலோ வேலை நேரத்தாலோ குறைந்த வேளை சாப்பிட்டவர்களும் அதில் கலந்திருக்கலாம்.

சர்க்கரை நோயையே திருப்பிவிட முடியுமா என்பதற்கு மிக வலுவான சான்று பட்டினியிலிருந்து வரவில்லை, கண்காணிப்போடு கூடிய குறை உணவிலிருந்து வந்தது. பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில் மாத்திரைகளை நிறுத்திவிட்டு மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரியில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இருந்தது. மாத்திரையை நிறுத்தியது மருத்துவர், அவர்களாக அல்ல. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டலாம்.

ஏனென்றால் நம் விரதங்களில் உயிருக்கு உலை வைப்பது இந்த இடம்தான். இனிப்பு நீருக்குத் தரும் மாத்திரைகள் ஒரே குணம் கொண்டவை அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று அவை பார்ப்பதில்லை. காலையில் விழுங்கினால் இரவு வரை வேலை செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படியே. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை வேறு ஆபத்தைக் கொண்டது. நீண்ட பட்டினியில் சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடலாம், வாந்தியும் மூச்சுத் திணறலும் வரலாம்.

கிளினிக்கில் தாதி மிஸ்ஸியோடு நடக்கும் உரையாடல் இப்படித்தான் போகும்.

"அக்கா, சாப்பிட்டுட்டுத்தானே மாத்திரை போடுறீங்க?"

"ஆமா மிஸ்ஸி, தவறாம போடுறேன்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அடுத்த வாரம் சஷ்டி என்பதை அக்கா சொல்லவில்லை, மிஸ்ஸியும் கேட்கவில்லை. விரதம் தொடங்கியதும் வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்று ஆறு நாளும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் எகிறும். அல்லது டாக்டர் சொன்னதை மீறக் கூடாது என்று பாலைக் குடித்துவிட்டு வழக்கமான அளவையே விழுங்குவார், பதினோரு மணிக்குக் கை நடுங்கும். கேமரன் மலைக் காலையில் நடுங்கும் கையைப் பார்த்து, குளிர் தாங்கவில்லை, சுவெட்டர் போட்டுக்கொள் என்பார்கள். கோயில் கூட்டத்தில் அதே நடுக்கமும் வேர்வையும் தடுமாறிய பேச்சும் பக்திப் பரவசமாகத் தெரியும். குளிரிலும் ஒருவருக்கு நெற்றி வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் முதலில் வாயில் இனிப்பைப் போடுங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர் போதும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. உள்தோட்டங்களிலிருந்து வளைந்து வளைந்து வர எவ்வளவு நேரமாகும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு மரபிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து ஆகியவை விரதத்தை முறிக்காது என்பது தரும நூல்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் விதி. இஸ்லாத்திலும் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் சலுகை உண்டு. கர்ப்பிணியின் உடல் மற்றவர்களைவிட வேகமாகப் பட்டினி நிலைக்குப் போய்விடும். ஆகவே அவரும், இன்சுலினை நம்பி வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளியும், டயாலிசிஸ் செய்பவரும், அடிக்கடி சர்க்கரை இறங்கி மயங்குபவரும், சாப்பாட்டோடு மனப் போராட்டம் நடத்திக்கொண்டிருக்கும் இளம்பெண்ணும் எந்த வகை உண்ணாநோன்பையும் தொடாமல் இருப்பதே சரி. இவர்களுக்கு வேறு வேண்டுதல்கள் இருக்கின்றன. பால்குடம் எடுக்கலாம், கோலம் போடலாம், பந்தியில் பரிமாறலாம்.

இந்தியாவில் சர்க்கரை நோய் மருத்துவர்கள் நவராத்திரி, கர்வா சௌத் விரதங்களுக்குக் குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் திரளும் மலேசியாவில் மண்டல விரதத்துக்கும் சஷ்டிக்கும் அப்படி ஒரு கையேடு தமிழிலும் மலாயிலும் வர வேண்டும். அது வரும் வரை கோயில் நிர்வாகங்களே ஒன்று செய்யலாம். காவடிக்கும் பால்குடத்துக்கும் பெயர் பதியும் சீட்டில் ஒரு வரி சேர்க்கலாம்: இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரக மருந்து எடுப்பவர்கள் காப்புக் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் விரதத்தைச் சொல்லிவிட்டு வரவும். பிரிஞ்சாங் மலைமேல் தண்டாயுதபாணி சந்நிதியில் ஒலிபெருக்கி ஒரு முறை சொன்னால் ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரை சேதி போய்விடும்.

2026இல் தீபாவளி நவம்பர் 8. சஷ்டி அதை ஒட்டியே தொடங்குகிறது. அக்டோபரில் அப்பாய்ன்மென்ட் இருப்பவர்கள் மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய், எந்த விரதம், எத்தனை நாள், தண்ணீர் உண்டா, என்ன சாப்பிடப் போகிறோம் என்ற நான்கையும் சொல்லி, எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வரலாம்.